போர் முடியும் தறுவாயில் வந்த ஜெர்மன் ரைபிள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடமாக அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள்களைச் சேர்த்து வருகிறேன். தொடக்கத்தில் எது கிடைத்தாலும் வாங்கினேன். இப்போது 1944, 1945இல் வெளிவந்த ஜெர்மன் ரைபிள்களை மட்டும்தான் தேடுகிறேன். அரத்தின் கோடு மறையாத, திருகாணியை முறுக்கி அனுப்பிவிட்ட, அவசரத்தில் செய்த ரைபிள்கள் அவை. வீட்டுக்கு வரும் நண்பர்களும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய நம் ஆட்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த ரைபிளைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் கராபினர் 98 குர்ஸ். சுருக்கமாக கே98கே. 1935இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட, கையால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) இழுத்துச் சுடும் ரைபிள். 7.92×57 மில்லிமீட்டர் தோட்டா, உள்ளே ஐந்து தோட்டா பிடிக்கும் மேகசின், 60 சென்டிமீட்டர் பேரல். போர் முடிவதற்குள் ஒரு கோடிக்கும் மேல் செய்துவிட்டார்கள். அடிப்படை வடிவம் 1898இல் மவுசர் போட்டது. போர்க்காலம் முழுக்க அந்த அடிப்படை மாறவே இல்லை. அதைச் சுற்றியிருந்த எல்லாம் மாறின. அந்த மாற்றங்களைத்தான் நாங்கள் துருவித் துருவிப் பார்க்கிறோம்.

'கிரீக்ஸ்மாடெல்' என்கிறார்களே, அது தனி மாடலா?

இல்லை. 'போர்க்கால மாடல்' என்று பொருள்படும் இந்தப் பெயர் சேகரிப்பவர்கள் வாயில்தான் அதிகம் புழங்குகிறது. 1944இல் ஒவ்வொன்றாக நுழைந்த சிக்கனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே துப்பாக்கியில் தெரிந்தால் கிரீக்ஸ்மாடெல் என்போம். பாதி மாறி, பாதி பழையபடியே இருந்தால் 'செமி'. உள்ளதிலேயே எனக்குப் பிடித்தவை இந்தப் பாதி மாறியவைதான். தொழிற்சாலைக் கிடங்கில் மிச்சமிருந்த பழைய உதிரிபாகமும் அன்று காலை வந்த புது உதிரிபாகமும் ஒரே துப்பாக்கியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

சரி, கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள் என்னென்ன?

பேரலின் முனையிலிருந்து பின்னோக்கிப் போவோம். கையில் துப்பாக்கி இருந்தால் கூடவே தடவிப் பாருங்கள்.

முன் குறியின் (பேரல் முனையில் நின்று குறிபார்க்க உதவும் சிறு முனையின்) மேல் மூடியாக ஒரு வளைந்த தகடு இருக்கும். வெளிச்சம் பட்டு மின்னாமலும் எங்கும் இடித்து நசுங்காமலும் காக்கிற தகடு. கடைசிக் காலத் துப்பாக்கிகளில் அது இல்லை. அதற்குக் கீழே, பயனெட் என்ற துப்பாக்கிக் கத்தியை மாட்டுவதற்கான இரும்புக் கட்டையும் கிரீக்ஸ்மாடெலில் போய்விட்டது. பேரலுக்கு அடியில் செருகியிருக்கும் சுத்தம் செய்யும் கம்பியும் இல்லை.

அப்புறம் மரத்தையும் பேரலையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு பட்டைகள். முன்பு கெட்டி இரும்பிலிருந்து கடைந்தெடுத்தார்கள். பிறகு தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, வளைத்து, பற்றவைத்தார்கள். பட்டை நழுவாமல் இருக்க மரத்தின் பக்கவாட்டில் ஒரு நீளமான ஸ்பிரிங்கைப் பதித்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தைச் செதுக்குவதே தனி வேலை. கடைசியில் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, நம் வீட்டுக் கதவுக் கீலுக்குப் போடுவதைப் போல ஒரு மரத் திருகாணியைப் பட்டை வழியாக இறக்கிவிட்டார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்கள், யாரோ பின்னாளில் வீட்டில் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். தொழிற்சாலையிலேயே அப்படித்தான் போட்டார்கள்.

விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமும் மேகசின் பெட்டியும் முன்பு ஒரே இரும்புத் துண்டில் கடைந்தவை. இப்போது தகடுகளை வெட்டிப் பற்றவைத்தவை. ஓரத்தில் விரலை ஓட்டினால் வெல்டிங்கின் மேடு தட்டுப்படும். இரண்டு பெரிய திருகாணிகள் கழன்றுவிடாமல் பிடிக்க ஆளுக்கொரு குட்டித் திருகாணி இருக்கும். அதுவும் காணாமல் போனது.

அடிக்கட்டையின் நடுவில் ஓட்டையுள்ள ஓர் இரும்பு வட்டைப் பதித்திருப்பார்கள். போல்ட்டைப் பிரிக்கும்போது ஃபயரிங் பின்னின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியின்) முனையை அந்த ஓட்டைக்குள் ஊன்றி அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கும், பாகங்கள் எளிதாகக் கழன்று வரும். கடைசிக் காலத்தில் வட்டு இல்லை. தோளில் படும் பின் தகட்டின் பக்கவாட்டிலேயே ஓர் ஓட்டை போட்டுவிட்டார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காக மட்டும் அந்தப் பொறியாளர்களை மெச்சுகிறேன். வேலை மிச்சமானது, சிப்பாய்க்கும் எந்த நஷ்டமும் இல்லை.

போல்ட்டில் வாயு வெளியேற இரண்டு துளைகள் உண்டு. முன்பு நீள்வட்டமாக இருந்தவை, பிறகு வெறும் வட்டத் துளைகளாகிவிட்டன. நீள்வட்டம் போட மில்லிங் மெஷின் வேண்டும். வட்டத்துக்கு டிரில் போதும்.

மேற்பூச்சும் மாறியதா?

ஆமாம். கருநீலமாகப் பளபளக்கும் ப்ளூயிங்குக்கு இரும்பை நன்றாக மெருகேற்ற வேண்டும். அதற்கு நேரமில்லாதபோது சில தொழிற்சாலைகள், குறிப்பாக ஆஸ்திரியாவின் ஷ்டையர், பாஸ்பேட் பூச்சுக்குப் போய்விட்டன. சாம்பலும் பச்சையும் கலந்த மங்கலான நிறம், தொட்டால் சுண்ணாம்புச் சுவர்போல் லேசான சொரசொரப்பு. ஒரே துப்பாக்கியில் ரிசீவர் (போல்ட் ஓடும், பேரல் பொருந்தும் நடு இரும்புப் பகுதி) பாஸ்பேட்டும் போல்ட் வெறும் இரும்புமாக இருக்கலாம். மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று உடனே சந்தேகப்பட வேண்டாம்.

மரம் பிளைவுட் மாதிரி இருக்கிறதே?

கிட்டத்தட்ட அதேதான். மெல்லிய பீச் மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிய கட்டை. இதைப் போர்க்கால மட்டரகம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. போர் தொடங்கும் முன்பே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. வால்நட் மரம் உலர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும். அடுக்குக்கட்டை அசையாது. எடைதான் கூடுதல். பக்கவாட்டில் வெட்டுப்பட்ட இடங்களில் அடுக்குகள் மலையின் உயரக்கோட்டு வரைபடம்போல் வளைந்து வளைந்து தெரியும். அந்த அழகுக்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன்.

ஏன் இவ்வளவு அவசரம்?

கிழக்கில் ஒவ்வொரு பின்வாங்கலிலும் லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் போயின. ஈடுகட்ட வேண்டியிருந்தது. அதே நேரத்தில் திறமையான தொழிலாளிகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். 1944 பிப்ரவரியில் ஷ்டையர் நகரத் தொழிற்சாலைகள் மேல் குண்டு விழுந்தது. அந்த வருடம் ஜூனில் போர்ச்சுகல் டங்ஸ்டன் தாது ஏற்றுமதியை நிறுத்தியது. இரும்பைக் கடையும் உளிகளுக்குக் கூர் கொடுப்பது டங்ஸ்டன். மழுங்கிய உளியால் இழுத்தால் இரும்பில் அலை அலையாகத் தடம் விழும். 1945 ரிசீவர் ஒன்றைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்த அலைகள் தெரியும்.

அப்படியென்றால் அவை மோசமான துப்பாக்கிகளா?

தோட்டா வெடிக்கும் இடத்தில் சமரசம் செய்யவில்லை. போல்ட்டின் பூட்டும் பற்கள், அவை உட்காரும் இடம், பேரலின் உட்புறம் ஆகியவற்றைக் கடைசிவரை அளவெடுத்துத்தான் செய்தார்கள். கை படும் வெளிப்பக்கம் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் உள்ளே பார்த்தால் வழவழப்பு. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்த தடம் அது. கே98கேயைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன். மக்கள்படைத் துப்பாக்கிகளின் கதை வேறு, கீழே வருகிறது.

ரிசீவர் மேலுள்ள மூன்று எழுத்துக்கு என்ன பொருள்?

எந்தத் தொழிற்சாலை என்பதை எதிரிக்குத் தெரியாமல் மறைக்கப் போட்ட குறி. பக்கத்தில் வருடம். முன்பு 1938 என்று முழுசாகப் போட்டவர்கள் பிறகு 44 என்று சுருக்கினார்கள். குஸ்ட்லோஃபும் ஷ்டையரும் அதையும் சுருக்கி வெறும் 4 என்று அடித்த துப்பாக்கிகள் உண்டு. ஓர் இலக்கத்தை அடிக்கும் நேரத்தைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

1945இல் கே98கே செய்துகொண்டிருந்தவை இவைதான்: ஓபர்ன்டார்ஃபில் மவுசர் (பி.ஒய்.எஃப் என்றிருந்த குறி அந்த வருடத் தொடக்கத்தில் எஸ்.வி.டபிள்யூ ஆனது), ஷ்டையர் (பி.என்.இசட்), வைமரில் குஸ்ட்லோஃப் (பி.சி.டி), ஜெர்மனி பிடித்து வைத்திருந்த செக் நாட்டு பர்னோ (டி.ஓ.டி, பிறகு எஸ்.டபிள்யூ.பி), ஸ்லோவாக்கியாவின் பிஸ்திரிட்சா (டி.ஓ.யு). சூல் நகரத்து சாவர் நிறுவனமும் மவுசரின் பெர்லின் ஆலையும் 1944உடன் நின்றுவிட்டன. சி.ஈ 45 என்று அடித்த சாவர் துப்பாக்கியை யாராவது நீட்டினால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

குட்டிக் குட்டிக் கழுகு முத்திரைகள்?

வாஃபன்ஆம்ட் முத்திரைகள். ராணுவத்தின் ஆய்வாளர் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். கழுகின் கீழே எண் இருக்கும். ஓபர்ன்டார்ஃப் என்றால் 135, சாவர் 359, ஷ்டையர் 623, பர்னோ 63, வைமர் 749. வெளியிலிருந்து வாங்கிய உதிரிபாகங்களில் வேறு எண்கள் வரும், அது இயல்பு. காலம் போகப் போக முத்திரைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

எல்லாப் பாகத்திலும் ஒரே வரிசை எண் இருந்தால்தான் மதிப்பா?

ஆரம்பகாலத் துப்பாக்கிகளுக்கு அப்படித்தான். ரிசீவர், பேரல், போல்ட், மரக்கட்டை தொடங்கித் திருகாணித் தலைவரை எண் போட்டிருப்பார்கள். குட்டிப் பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம். 1944இன் பின்பகுதியில் சின்னப் பாகங்களுக்கு எண் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எண்ணே இல்லாத பட்டை ஒரு 1945 துப்பாக்கியில் குறை ஆகாது. எண் போட்ட பட்டை இருந்தால்தான் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்க வேண்டும்.

எண்கள் 1 முதல் 9999 வரை ஓடும். பிறகு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து மறுபடியும் 1. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் புதுத் தொடர். இதனால் எண்ணையும் எழுத்தையும் பார்த்தே அந்த வருடத்தில் தோராயமாக எந்தக் கட்டத்தில் செய்தது என்று சொல்லலாம். எந்த எழுத்துத் தொடரில் பயனெட் கட்டை மறைந்தது, எதில் திருகாணி வந்தது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம்.

அடிக்கடி பொருந்தாமல் போவது போல்ட்தான். சரணடைந்த சிப்பாய்கள் துப்பாக்கியை ஒரு குவியலிலும், கழற்றிய போல்ட்டை இன்னொரு குவியலிலும் போட்டார்கள். நினைவுப்பொருளாக எடுத்தவர்கள் கைக்கு வந்த போல்ட்டைச் செருகிக்கொண்டார்கள்.

இவற்றை யார் செய்தார்கள்?

இதை யாரும் அடிக்கடி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நினைப்பதால் சேர்த்திருக்கிறேன்.

பி.சி.டி என்று அடித்த குஸ்ட்லோஃப் நிறுவனத்தின் கதை சூல் நகரத்தில் தொடங்குகிறது. அங்கே சிம்சன் என்ற யூதக் குடும்பத்தின் ஆயுத ஆலையை நாஜிகள் 1930களின் நடுவில் பறித்தார்கள். அதை மையமாக வைத்து வளர்ந்த நிறுவனத்துக்கு, சுவிட்சர்லாந்தில் 1936இல் சுட்டுக்கொல்லப்பட்ட நாஜித் தலைவர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். அதன் வைமர் ஆலைக்குப் பக்கத்தில்தான் புகன்வால்ட் வதைமுகாம். முகாமின் வேலியை ஒட்டியே 1943 முதல் இன்னோர் ஆலை இயங்கியது. கைதிகள் அதில் கராபினர் பாகங்கள் செய்தார்கள். 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அந்த ஆலையைத் தகர்த்தபோது, ஒளிய இடமில்லாமல் நூற்றுக்கணக்கான கைதிகள் செத்தார்கள். ஷ்டையர் நிறுவனமும் மவுட்ஹவுசன் முகாமின் கிளையான கூசனில் கைதிகளை வைத்துத் துப்பாக்கிப் பாகங்கள் செய்தது.

என்னிடம் ஒரு 'பி.சி.டி 4' இருக்கிறது. விசைக் காப்பின் உள்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், அரம் மூன்று முறை ஒரே திசையில் போய், நான்காவது முறை சாய்ந்து வழுக்கிய தடம் உண்டு. அதைச் செய்த கை எது என்று எனக்குத் தெரிய வழியில்லை. கூலிக்கு வந்தவரா, பசியில் நின்ற கைதியா? அந்த இடத்தை நான் தேய்க்க மாட்டேன், யாரையும் தேய்க்க விடவும் மாட்டேன். சிலர் இந்த ரைபிள்களைக் காட்டி 'ஜெர்மன் தொழில்நுட்பம்' என்று பெருமை பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. தடத்தைப் படிக்கத் தெரிந்தவர் அப்படிப் பேச முடியாது.

'ரஷ்யன் கேப்ச்சர்' என்று மலிவாக விற்பது என்ன?

சோவியத் படை லட்சக்கணக்கில் கைப்பற்றிய கே98கேக்களைப் போருக்குப் பின் பிரித்து, கழுவி, மொத்தமாகக் கருப்புச் சாயத்தில் முக்கி, கிடைத்த பாகத்தைக் கிடைத்த துப்பாக்கியில் பூட்டிக் கிடங்கில் வைத்தது. மரத்தின் மேல் பளபளவென்று ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு. ரிசீவரில் பெருக்கல் குறிபோல் ஒரு முத்திரை. பாகங்களில் மின்சாரப் பேனாவால் கிறுக்கிய எண்கள். நாஜிக் கழுகைச் சில இடங்களில் உளியால் கொத்தியிருப்பார்கள். முன் குறி மூடியும் சுத்தக் கம்பியும் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒரு சாதாரண 1941 துப்பாக்கியைக்கூடப் புதியவர்கள் கிரீக்ஸ்மாடெல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூடி இல்லாததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பயனெட் கட்டை இருக்கிறதா, பட்டை தகடா என்று பாருங்கள்.

பழகுவதற்கு இதைவிட நல்ல துப்பாக்கி இல்லை. ஆசையாகத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லை.

எஸ்.வி.டபிள்யூ 45 என்றால் எல்லாம் ஜெர்மன் காலத்ததா?

அல்ல. பிரெஞ்சுப் படை 1945 ஏப்ரல் 20 அன்று ஓபர்ன்டார்ஃபைப் பிடித்தது. ஆலையில் குவிந்திருந்த பாகங்களை வைத்து பிரெஞ்சுக்காரர்கள் 1946 வரை உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். சின்ன நட்சத்திர முத்திரை தெரிந்தால் பிரெஞ்சுக் காலத்தது. அவற்றில் சில இந்தோசீனப் போருக்கும் போயின. மதிப்பில்லாதது என்று சொல்லவில்லை, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மன் விலை கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான். இதேபோல நார்வே, யூகோஸ்லாவியா, இஸ்ரேல் என்று பல நாடுகள் கே98கேயைப் பயன்படுத்தித் தங்கள் முத்திரையை அடித்திருக்கின்றன.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வருடம் ஒரு கண்காட்சியில் 'எல்லா எண்ணும் பொருந்தும்' என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு துப்பாக்கி விற்றார். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் போல்ட்டின் எண் கண்ணை உறுத்தியது. ஒவ்வோர் இலக்கத்தைச் சுற்றியும் இரும்பு லேசாக உப்பி, உப்பிய இடத்தில் சாயம் உரிந்து வெள்ளியாக மின்னியது. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் எண் அடித்த பிறகுதான் பூச்சு ஏறும், அதனால் அசல் எண்ணின் பள்ளத்துக்குள்ளும் பூச்சு இருக்கும். மூன்று மாதச் சேமிப்பு போனது. அன்றிலிருந்து லென்ஸும் டார்ச்சும் இல்லாமல் கண்காட்சிக்குப் போவதில்லை.

இன்னும் இரண்டு சோதனை. மரமும் இரும்பும் சேரும் ஓரத்தில் கட்டைவிரலை வையுங்கள். தேய்க்காத கட்டையில் மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும். இரும்பு உயர்ந்து மரம் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். அடுத்து, இரும்பில் துருப்பள்ளம் இருந்து அதன் மேல் முத்திரை மட்டும் கூர்மையாக இருந்தால், முத்திரை துருவுக்குப் பிறகு வந்தது.

எஸ்.எஸ். ரூன் குறி (நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் வடிவ எழுத்து) அடித்தவை, ஸ்னைப்பர் லென்ஸ் மாட்டியவை ஆகிய இரண்டிலும் போலி மிக அதிகம். சேகரிக்கத் தொடங்கி ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஃபோல்க்ஸ்டுர்ம் துப்பாக்கிகள் என்றால்?

1944 செப்டம்பர் 25 தேதியிட்ட ஆணையால் 16 முதல் 60 வயது வரையிலான ஆண்களைச் சேர்த்து அமைத்த மக்கள்படை ஃபோல்க்ஸ்டுர்ம். அதற்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை. ஆகவே மிக மிக எளிய வடிவங்களை வட்டாரம் வட்டாரமாகச் செய்யச் சொன்னார்கள். கராபினர் ரிசீவரில் பழைய அல்லது மிச்சப் பேரலை மாட்டி, மெருகேற்றாத பீச் கட்டையில் பூட்டி, ஒரே தூரத்துக்கு நிலையாக வைத்த குறியுடன் வந்தது வி.கே.98. சிலவற்றில் மேகசின்கூடக் கிடையாது, ஒரு தோட்டா போட்டு ஒன்று சுட வேண்டும். வி.ஜி.1, வி.ஜி.2 இரண்டும் ஜி43இன் (அடுத்த கேள்வியில் வருகிற ரைபிள்) பத்துத் தோட்டா மேகசினை எடுத்துக்கொண்டவை. வி.ஜி.2இன் ரிசீவரே அழுத்திய தகடு. குஸ்ட்லோஃப் செய்த வி.ஜி.1-5 தானாகவே மறு தோட்டா ஏற்றிக்கொள்ளும்.

வி.ஜி.1 ஒன்றை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டையில் ரம்பத்தின் பல் போன கோடு அப்படியே நின்றது. கடைக்குப் போகும் பலகையைக்கூட நம் ஊர் ஆசாரி அதைவிட நன்றாக இழைத்திருப்பார். பதினாறு வயதுப் பையன் ஒருவன் கையில் இதைக் கொடுத்து டாங்கியின் முன் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது வெகுநேரம் பேச்சு வரவில்லை.

இவை மிக அரிது, விலை எட்டாத உயரம். யாரும் இவற்றைச் சுடக்கூடாது.

ஜி43 பற்றி ஒரு வார்த்தை?

வாயு அழுத்தத்தில் தானே இயங்கும் ரைபிள். பிறகு கே43 என்று பெயர் மாற்றினார்கள். வால்தர், பெர்லின்-லூபெக், குஸ்ட்லோஃப் ஆகிய மூன்று நிறுவனங்களும் செய்தன. தொடக்கத்திலிருந்தே கரடுமுரடாக வந்த துப்பாக்கி, வெளிப்பரப்பில் கடைந்த தடம் இருப்பது இதில் சாதாரணம். அதன் உதிரிபாகங்கள் உடையும் பழக்கம் கொண்டவை, ஆகவே சுடும் ஆசை இருந்தால் கே98கே பக்கமே இருங்கள்.

கடைசிக் கால கே98கேயைச் சுடலாமா?

நல்ல துப்பாக்கிப் பணிமனையில் போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்த பிறகு சுடலாம். போல்ட் எண் பொருந்தாவிட்டால் இது கட்டாயம். கட்டையின் பின்பகுதியில், ரிசீவரின் வால் உட்காரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்க்காலத் தோட்டாக்களின் வெடிமருந்துத் தூண்டியில் துருப்பிடிக்க வைக்கும் உப்பு உண்டு. அதைச் சுட்டால் அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். நான் எண் முழுதாகப் பொருந்தும் துப்பாக்கிகளைச் சுடுவதில்லை. அந்த ஆசைக்கு ஒரு ரஷ்யன் கேப்ச்சர் தனியாக இருக்கிறது.

எப்படிச் சுத்தம் செய்வது?

குறைவாக. மென்மையான துணி, கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய், அவ்வளவு போதும். பாஸ்பேட் மேல் இரும்புக் கம்பளி படவே கூடாது. மரத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். வார்னிஷ் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

என் முதல் கே98கேயின் கட்டை அழுக்காக இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்துப் பாலிஷ் போட்டேன். தேய்த்து முடித்தபோது அடிக்கட்டையில் மங்கலாக இருந்த கழுகு முத்திரையும் போய்விட்டது. சிப்பாய் யாரோ கீறி வைத்திருந்த இரண்டு எழுத்தும் போய்விட்டது. அந்த இரண்டு எழுத்து என்ன என்பதுகூட எனக்கு இப்போது நினைவில்லை. இன்றும் அந்தத் துப்பாக்கியை எடுக்கும்போது கை அந்த இடத்தைத்தான் தேடுகிறது.

சட்டம்?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 50 வருடம் கடந்த துப்பாக்கிகளைச் சேகரிக்க 'சி அண்ட் ஆர்' என்று தனி உரிமம் இருக்கிறது, மாநிலச் சட்டம் அதன் மேல் வரும். கனடாவில் துப்பாக்கி உரிமம் வாங்கிய பிறகுதான் தொட முடியும். ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதே குற்றம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. இது அங்கே வளர்க்கக்கூடிய பொழுதுபோக்கு அல்ல. வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

என் துப்பாக்கியின் முன்கட்டை பட்டைக்கு அடியில் அறுந்திருக்கிறது. ஒட்டிவிடலாமா?

அதற்கு 'டஃபல் கட்' என்று பெயர். 1945இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் நீளமான கித்தான் பைக்குள் துப்பாக்கி நுழையவில்லை என்பதால், ஒரு பட்டையைக் கழற்றி, அது மறைக்கும் இடமாகப் பார்த்துக் கட்டையை ரம்பத்தால் அறுத்தார்கள். வீட்டுக்கு வந்து பட்டையை மாட்டினால் அறுத்தது தெரியாது.

விலை குறையும், உண்மைதான். ஆனால் இடையில் யாரும் சீர்செய்து விற்காமல், ஒரு சிப்பாயின் பையில் நேராக வந்த துப்பாக்கி என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி குறைவு. சுடப்போவதில்லை என்றால் ஒட்டாதீர்கள். சுடுவதானால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து உள்ளே ஒரு சின்ன மரக்குச்சி வைத்து ஒட்டச் சொல்லுங்கள், மேலே பூச வேண்டாம்.

என் 'பி.சி.டி 4'இலும் இந்த வெட்டு உண்டு. அறுக்கத் தொடங்கிய இடம் தவறிப்போய், அரை அங்குலம் தள்ளி மறுபடி தொடங்கியிருக்கிறார். முதல் கீறல் ஆழமில்லை, ஆனால் பட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. நான் அதை ஒட்டவில்லை. வருடத்துக்கு ஒரு முறை பட்டையைக் கழற்றி, கீறலில் சேர்ந்த தூசியை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி மாட்டி வைக்கிறேன்.